எலெக்ட்ரோகியூட் என்ற சொல்

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், கொழும்பில் நடந்த மரண விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெள்ளவத்தையில் என் அறை மேசையில் தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடந்தது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதும், தேடியதைப் பிறரிடம் சொல்லிப் பெருமைப்படுவதும் அப்போது என் பழக்கம்.

அன்றைய விசாரணை ஒரு ஜிந்துப்பிட்டித் தொழிலாளியின் சாவைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஒப்பந்தக்காரருக்காக மின்கம்பி பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியவர், மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். டாக்டரின் அறிக்கையில் 'எலெக்ட்ரோகியூட்' என்றிருந்தது. வேலையை மேற்பார்த்த மேஸ்திரியின் சாட்சியமும், இறந்தவரின் மனைவியின் சாட்சியமும் காலையிலேயே முடிந்துவிட்டன. மனைவி அழுதபடி சொன்னதை நான் சுருக்கி ஆங்கிலத்தில் சொல்லியிருந்தேன்.

இடைவேளையில் விறாந்தையில் நின்று, கூட வேலை செய்த கிளார்க்கிடம் அந்தச் சொல்லை விளக்கினேன். "ரெண்டு சொல்லை வெட்டி ஒட்டினது. முன்பாதி எலெக்ட்ரிசிட்டி, பின்பாதி எக்ஸிகியூட். அமெரிக்காவில கைதியளுக்கு மின்சாரத்தால மரண தண்டனை குடுக்கேக்க உண்டாக்கினவங்கள்."

பக்கத்து வாங்கில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எழுந்து வந்தார்.

"மரண தண்டனைன்னீங்களே ஐயா. எங்க வீட்டுக்காரரு என்ன குத்தம் செஞ்சாரு?"

இப்போது மின்சாரத்தால் யார் செத்தாலும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள் என்று தடுமாறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கரண்ட நிப்பாட்டியாச்சுன்னு மேஸ்திரி சொல்லித்தான் ஏறுனாரு, ஏணி புடிச்சவரு எங்கிட்ட சொன்னாரு. காலையிலயே சொன்னேனே, அத தொரைகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

நான் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவே வந்த அந்த வசனத்தை விட்டுவிட்டேன். இறந்தவரின் கவனக்குறைவு என்று விசாரணை அதிகாரி ஏற்கனவே குறித்து வைத்திருந்தார்.

"இல்லை அம்மா, என்ர பிழை" என்றேன்.

உள்ளே போய் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டார். மேஸ்திரி முதலில் மறுத்தார். ஏணி பிடித்த தொழிலாளி வந்து, தன் காதால் கேட்டதாகச் சொன்ன பிறகு தலை குனிந்து ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பில் டாக்டரின் சொல் அப்படியே இருந்தது. கவனக்குறைவு என்ற வரி வெட்டப்பட்டு, மேஸ்திரியின் சொல்லை நம்பி ஏறினார் என்று எழுதப்பட்டது. ஒன்றும் விடாமல் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னேன். நம்பி ஏறினார் என்ற வரியை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏணி பிடித்த தொழிலாளியோடு ஜிந்துப்பிட்டிக்கு நடந்து போனார்.