கல்லுசுமந்தான் ஊடு

கேரள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டியில் எங்கள் வீட்டுக்குக் 'கல்லுசுமந்தான் ஊடு' என்று பெயர். தேங்காய் போட வருகிறவருக்கும் அப்படிச் சொன்னால்தான் வழி தெரியும். வாளையார் வழியாக ரயில் பாதை போட்ட காலத்தில் எங்கள் மூதாதை ஒருவர் பெரிய கல் ஒன்றை ஒற்றைத் தோளில் சுமந்தாராம். பெரியப்பா கதை சொல்லச் சொல்ல அந்தக் கல் வருஷத்துக்கு வருஷம் வளரும். "போன பொங்கலுக்கு ஆட்டுக்கல்லாட்ட இருந்துதுங்களே, இப்ப ஆனைக்குட்டி ஆயிருச்சுங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

மூதாதையைத் தெரியுமே தவிர, எங்கள் கூட்டம் எதுவென்று தெரியாது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளிகள் ஒரு கூட்டம். அதற்குள் பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தங்கை; பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. எங்களுக்குள் அத்தை மகன், மாமன் மகள் என்றே முடித்துக்கொண்டு வந்ததால் யாரும் கேட்டதில்லை.

கேரளம் தனி மாநிலமான புதிதில் தங்கைக்குப் பொள்ளாச்சிக்குக் கிழக்கேயிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்குப் பிடித்தது. தங்கைக்கும் பிடித்திருந்தது என்பதை அவள் அன்றைக்குக் காபியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டதிலிருந்து தெரிந்துகொண்டோம். தங்கள் கூட்டத்தின் பெயரைச் சொன்ன பையனின் அப்பா, "உங்க கூட்டம் எதுங்க?" என்றார்.

"கல்லுசுமந்தார் கூட்டமுங்க" என்றார் பெரியப்பா, தலை நிமிர்ந்து.

"அப்படியொண்ணு நாங் கேட்டதில்லீங்களே. குலசாமி எதுன்னு வெசாரிச்சுச் சொல்லுங்க. பொறவு வெத்தலை மாத்திக்கலாம்."

அவர்கள் போனதும் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கல்லுத் தூக்கின கெழவரு எந்த ஊருன்னு கண்டுபுடிங்கண்ணா. அவரு கல்லை எறக்கினது என்ற தலைமேலதான்."

கிழக்கத்தி ஆட்கள் மொத்தமாகக் கிடைக்கிற இடம் வேலந்தாவளம் மாட்டுச்சந்தை. வாரா வாரம் போய், கல் சுமந்தவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டேன். "கல்லு சுமக்காதவன் ஆருங்க? எனக்கு மூணு பொண்ணு" என்றார் ஒரு தரகர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வீட்டில் தங்கை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாளே என்றும் இருந்தது.

அப்படி ஒரு வாரம், பசுவும் கன்றும் வாங்கிய ஒருவர் பசுவை இழுத்து இழுத்துக் களைத்துப் போனார். அது நான்கு காலையும் ஊன்றி நின்றது. பக்கத்தில் இருந்த கிழக்கத்தி வியாபாரி பொறுக்க மாட்டாமல் சத்தம் போட்டார். "ஏனப்பா, கயித்தோட மல்லுக்கட்டறே? கன்னுசுமந்தாளாட்டக் கன்னைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு நட. மாடு தானா வரும்!"

 கல்லு அல்ல, கன்னு. சுமந்தான் அல்ல, சுமந்தாள்.

"அது ஆருங்க?" என்றேன்.

"ஆரு கண்டா? எங்கூர்ப் பக்கம் சொல்ற சொல்லு. ஒரு பஞ்சத்துல புருசன் செத்துட்டான். கைக்கொழந்தை இடுப்புல, கன்னுக்குட்டி தோள்ல, பசுவு பொறவால. அப்படியே மேக்க போயிட்டாளாமா. அவ போனா, மாடும் போச்சு, சொல்லு மட்டும் நின்னுக்கிச்சு."

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கல்லின் கதையை இன்னொரு தரம் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பிறகு, "அப்ப ரயிலு?" என்றார் பாவமாக.

இருவரும் அந்த வியாபாரியின் ஊருக்குப் போனோம். வேப்பமரத்தடியில் சின்னக் கோயில். பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை நம்பியதாகத் தெரியவில்லை. "மேக்க போனவளா? ஒவ்வொரு வருசமும் கோயில் நோம்பிக்குப் பொங்கல் வெச்சுப் பங்கு போடறப்ப அவளுக்குன்னு ஒண்ணு எடுத்து வெப்போமுங்க. வாங்க ஆளில்லாததால மாட்டுக்கு ஊட்டிருவோம்" என்றவர், கைக்குழந்தையின் பெயரையும் சொன்னார்.

"ஏனுங்க?" என்றார் பெரியப்பா.

தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துவிட்டார். எங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அந்தப் பெயர் பெரியப்பாவின் பெயர். அதற்கு முன் அவருடைய தாத்தாவின் பெயர். பூசாரி அவர் முகத்தையே பார்த்தார். அப்புறம் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.  எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, பேர்கூட நிற்கவில்லை. நாங்கள் அவளை ஆணாக்கி, தோளில் கல்லையும் ஏற்றி வைத்திருந்தோம். இந்த ஊரோ வருஷா வருஷம் அவளுக்குச் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்தது. 

பிறகுதான் பூசாரி கூட்டத்தின் பெயரைச் சொன்னார். பையனின் அப்பா எங்கள் வீட்டில் சொன்ன அதே பெயர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சொன்னோம். அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்று முழுக்க மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தாள். சாயங்காலம் வெளியே வந்து கேட்டது ஒன்றுதான்: "கன்னுக்குட்டியும் கொழந்தையும் ஒரே நேரத்துல அழுதா என்னண்ணா பண்ணியிருப்பா?"

சேதி தெரிந்து பையனின் அப்பா வந்தார். "சம்பந்தியாகலாம்னு வந்தேன், பங்காளியாயிட்டனுங்க" என்று பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார்.

அடுத்த நோம்பிக்குக் குடும்பத்தோடு போனோம். பங்கு போடுகிறபோது பூசாரி வழக்கம்போல் "மேக்க போனவளுக்கு" என்று குரல் கொடுத்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த இலையை எடுத்துக்கொண்டு வந்தது, தங்கையைப் பெண் பார்க்க வந்த அதே பையன். முகம் சிவந்துபோய், "இந்தாம்மிணி, வாங்கிக்க" என்றார்.

தங்கை இரண்டு கையாலும் வாங்கினாள். "மாட்டுக்குப் போட்டுறாதீங்கண்ணா, இனி நாங்க வருவம்" என்றாள். அவரை அவள் அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அங்கேயே, எல்லாரும் பார்க்க, உட்கார்ந்து சாப்பிட்டாள்.