இது விளக்குத் திரிக்கு அல்ல

என் முதலுதவி டின்னின் மூடியில் அன்றும் இன்றும் முதல் வரி ஒன்றுதான்: 'இது விளக்குத் திரிக்கு அல்ல.' எழுத்து மங்கினால் அதன் மேலேயே மறுபடி எழுதுவேன்.

நான் கல்யாணமாகி இரும்புலியூருக்கு வந்தது எண்பத்தாறில். கணவர் வீட்டார் முன்பு பயிர் வைத்தவர்கள். நான் வந்தபோது வயல் மனைகளாகியிருந்தது. வீட்டில் டிவி இருந்தது, இரண்டு பீரோ இருந்தது, ஒரு பிளாஸ்திரி இல்லை. வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள், சுட்ட புண்ணுக்கு இட்லி மாவு. தாம்பரம் நூலகத்தில் முதலுதவிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, காலி பிஸ்கட் டின் ஒன்றை நிரப்பினேன். பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி, தெர்மாமீட்டர், கத்தரிக்கோல், காயம் கழுவ மருந்து. ஒவ்வொன்றிலும் பிரித்த தேதியை எழுதி ஒட்டினேன். மாதம் பிறந்தால் எடுத்துப் பார்த்து, கெடு முடிந்ததைத் தூக்கிப் போட்டுப் புதிது வைப்பேன்.

மாமியாருக்கு அது ஆகவில்லை. "மருந்து கீற வூட்டுக்கு நோவு வழி கேட்டுகினு வரும்" என்றார். டின்னைப் பீரோவுக்குள் வைத்துவிட்டால் அம்மா கண்ணில் படாது என்று கணவர் சமாதானம் பேசினார். சாவி தேடிக்கொண்டிருக்கும்போது ரத்தம் காத்திருக்காது என்று சொல்லிவிட்டேன். டின் சமையலறை அலமாரியிலேயே இருந்தது.

நோயை அழைக்கும் டின் என்றாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் மாமியாருக்குத் தடையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பஞ்சு குறையும். பூஜை மாடத்தில் கொழுத்த திரிகள் எரியும். மூடியில் எழுதி வைத்தேன். பஞ்சு தப்பியது. மற்றதை நான் எழுதவில்லையே.

மறு வருஷம் தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது கொதிக்கிற எண்ணெய் நாத்தனாரின் வலது கையில் தெறித்தது. பண்டிகை முடிந்ததும் அவளைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாமியார் மாவுச் சட்டியோடு ஓடி வந்தார். நான் நாத்தனாரை இழுத்துக்கொண்டு கொல்லைக் கைப்பம்புக்குப் போனேன். கை வீங்குமுன் கண்ணாடி வளையல்களைக் கழற்றினேன். நல்ல நாளும் அதுவுமாகக் கையை மூளியாக்குகிறாள் என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும், தழும்பு நிற்கும், வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நான் அவள் கையைத் தண்ணீரில் காட்டச் சொல்லிப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். தோள் கடுத்தது, கை மாற்றி அடித்தேன்.

"இவ கல்யாணம் நின்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் அத்தை. மாவை மட்டும் கிட்ட கொண்டாராதீங்க."

எரிச்சல் தணிந்த பிறகு கட்ட வந்து டின்னைத் திறந்தால் காஸ் துணியைக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, அதன் வாய்க்கு நாலு மடிப்பாக வேடு கட்டியிருந்தது என் காஸ். அந்த நிலையிலும் நாத்தனார் சிரித்துவிட்டாள். வெளுத்துத் தேய்த்த வேட்டி ஒன்றைக் கிழித்துத் தளர்வாகச் சுற்றி, டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

புண் ஆறியது. ஆனாலும் மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய திட்டு ஒன்று நின்றது. தண்ணீர் செய்த வேலை என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று முழுக்கை ரவிக்கை எடுத்துக் கொடுத்தார். நாத்தனார் அதை மடித்து வைத்துவிட்டு அரைக்கை போட்டுக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். என்னம்மா அது என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்கிறேன் என்று சொன்னவள் நான்தானே. வாயெடுத்தேன்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "எண்ணெய் தெறிச்சுதுங்க. எங்க அண்ணி தண்ணி விட்டாங்க, அதான் இத்தோட போச்சு. இது பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, காப்பி ஆறிடும்."

அந்த அம்மாள் காப்பியை எடுத்துக்கொண்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

மாமியார் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. தழும்பு தண்ணீரால் வந்தது, கல்யாணம் ஜாதகத்தால் நடந்தது என்பதுதான் கடைசிவரை அவர் கணக்கு. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஊறுகாய் ஜாடியில் கட்டிய காஸை நான் அவிழ்க்கவில்லை. புதுக் காஸ் வாங்கித் தேதி போட்டு டின்னில் வைத்தேன். மூடியில் பழைய வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'ஜாடிக்கும் அல்ல.'