எக்ஸ்ரே டியூபுக்குள் ஒரு குளம்

ஆர்வோ கெட்டுனெனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை மேல் மிச்சிகன் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியலறை சூடாகிவிட்டதா என்று மற்றவர்கள் கல்லில் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார்கள். இவன் கல்லின் எடை, விறகின் ஈரம் எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்ப்பான். அதற்குள் மச்சினன்மார் குளித்து முடித்து, பனியில் புரண்டு, பீரைத் திறந்திருப்பார்கள். கணக்குச் சரியாக வந்தால் சந்தேகம் இன்னும் கூடும் அவனுக்கு.

ஊரில் இருந்த சின்ன எக்ஸ்ரே டியூப் தொழிற்சாலையில்தான் வேலை. டியூபைக் கட்டுவதற்கு முன்பே, அதிலிருந்து என்ன கதிர் எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும். எலெக்ட்ரான்கள் விழுந்தடித்து ஓடிவந்து டங்ஸ்டனில் முட்டும். முட்டியதில் பெரும்பங்கு வெறும் சூடாகப் போய்விடும். மிச்சம் மீதிதான் எக்ஸ்ரே. அதிலும் சோப்ளாங்கிக் கதிர் உண்டு, முரட்டுக் கதிர் உண்டு. எது எத்தனை என்று படம் போட்டால் ஒரு குன்று மாதிரி வரும். குன்றின் மேல் இரண்டு மூன்று முள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் குன்றையும் முள்ளையும் கணக்கிலேயே வரைகிற புரோகிராம் ஒன்றை ஆர்வோ தானே எழுதி, சீராட்டி வளர்த்திருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தக் காக்கை மட்டும் அந்தக் குஞ்சு தன்னுடையதுதானா என்று தினம் ஒருமுறை உற்றுப் பார்க்கும்.

முதலாளி பென்ஹேலுக்கு அந்தக் குஞ்சைக் கண்டாலே ஆகாது. சிகாகோவில் ஒருவன் ரெடிமேட் புரோகிராம் விற்கிறானாம், பட்டனைத் தட்டினால் கலர் கலராக வருமாம்.

"செவ்வாய்க்கிழமை புது டியூப் சோதனை. உன் கணக்கும் லைலா அளக்குறதும் ஒத்துப் போச்சுன்னா சரி. இல்லன்னா உன் புரோகிராமுக்குச் சங்கு ஊதிட வேண்டியதுதான்" என்றார்.

லைலா பெல்கோனென் அங்கே அளக்கிறவள். ஆர்வோ கணக்கில் சொல்வதை அவள் கருவி வைத்துச் சரிபார்ப்பாள். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

செவ்வாய்க்கிழமை காலை. கதிர் வெளியே வராதபடி ஈயத்தகடு போர்த்திய பெட்டிக்குள் புது டியூப் வாயை மேலே பார்த்து வைத்துக்கொண்டு நின்றது. மேலே கருவி தொங்கியது. லைலா டியூபைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றி நிறுத்திவிட்டுக் காபிக்குப் போனாள். திரும்பி வந்தவள் ஒரு கையில் காபியோடு மறு கையால் பெட்டிக் கதவைச் சாத்தினாள், அளந்தாள்.

திரையில் வந்தது அரைகுறைக் குன்று. இடது பக்கத்தை யாரோ மண்வெட்டி போட்டு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சோப்ளாங்கிக் கதிர்கள் அனேகமாக ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஆர்வோவின் குன்று ஒரு பக்கம், லைலாவின் குன்று ஒரு பக்கம்.

ஆர்வோ புரோகிராமைத் தலைகீழாக ஓட்டினான். வழியில் எது குறுக்கே இருந்தால் கதிர் இப்படி வரும் என்று கேட்டான். அது யோசிக்கவே இல்லை. நாலு சென்டிமீட்டர் தண்ணீர் என்றது.

"தண்ணியா? டியூபுக்குள்ள குளம் வெட்டி வச்சிருக்கோமா? இருங்க, நான் போய்த் தூண்டில எடுத்துட்டு வரேன்" என்றார் பென்ஹேல்.

"சிரிக்காதீங்க. இதுவரைக்கும் அது பொய் சொன்னதில்ல. ஏதோ இருக்கு" என்றாள் லைலா.

"ஒண்ணும் இல்ல லைலா, அதுக்கு மூளை கொழம்பிடுச்சு. தூக்கிப் போட்டுடுங்க" என்றான் ஆர்வோ. பெற்றவனே கைவிட்டுவிட்டான், பாவம் அது.

பென்ஹேல் போனை எடுத்துச் சிகாகோக்காரனைக் கூப்பிட்டார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. துக்கம் வந்தால் ஆர்வோவுக்குப் பசிக்கும். எழுந்து நேரே ஈயப் பெட்டிக்குப் போனான், கதவைத் திறந்தான், கையை விட்டான், அலுமினியத் தாளில் சுற்றிய பாஸ்டியை எடுத்தான். மாட்டுக்கறியும் கிழங்கும் திணித்து, மாவில் மடித்துச் சுட்டது. பிரித்து ஒரு கடி கடித்தான்.

"ஆர்வோ, அது எங்க இருந்துச்சு?" என்றாள் லைலா, மெதுவாக.

"டியூப் மேலதான். நீ காபிக்குப் போனப்ப வச்சேன். வழக்கமா வைக்கிறதுதானே, சூடு ஆறாம..."

சொல்லிக்கொண்டே வந்தவனின் தாடை அப்படியே நின்றது. அந்தத் தொழிற்சாலையில் பாஸ்டியை டியூப் மேல் வைத்துச் சூடாக்காதவர்கள் கிடையாது. பழைய டியூபெல்லாம் பக்கவாட்டில் பார்க்கும். தலைமேல் என்ன வைத்தாலும் பாதகமில்லை. புது டியூப் மேலே பார்க்கிறது.

"கடிக்காத! இன்னொரு கடி கடிச்ச, கொன்னுடுவேன்!" என்று லைலா அளவுகோலோடு பாய்ந்தாள். கடிக்காத பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு சென்டிமீட்டருக்கு ஒரு நூல்தான் குறைவு.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைன்னா இதுதான்யா!" என்று கத்தினாள். "எக்ஸ்ரேக்குக் கறியும் தண்ணி மாதிரிதான!"

பாஸ்டி இல்லாமல் மறுபடி அளந்தார்கள். குன்றின் மேல் குன்று, முள்ளின் மேல் முள், அச்சு அசலாக உட்கார்ந்தது. பென்ஹேல் மிச்சப் பாஸ்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாஸ்டி பிறந்த கார்ன்வால் சீமை வம்சத்து வீறாப்பு, லேசில் இறங்காது.

"சரி, இதுல ருடபாகா கிழங்கு போட்டிருக்கான்னு சொல்லுமா உன் கணக்கு?"

"சொல்லாது. அதுக்கு ருடபாகாவும் உருளைக்கிழங்கும் ஒண்ணுதான்."

"எங்க வீட்டுல இப்படிப் பேசுனா சோறு கிடையாது" என்று முணுமுணுத்துவிட்டு, சிகாகோவுக்கு மறுபடி போன் போட்டு, "வேண்டாம்ப்பா, எங்ககிட்டயே ஒண்ணு இருக்கு" என்று சொல்லி வைத்தார். பிறகு ஆர்வோ பக்கம் திரும்பினார்.

"புரோகிராம் இருக்கட்டும். ஆனா இன்னையிலேருந்து அது லைலா பொறுப்பு. அது உண்மையச் சொன்னப்ப நம்புனது அவ. நீ பெத்தவன், ஒரு பாஸ்டிக்கு அதக் காவு குடுக்கப் பாத்த."

ஆர்வோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவமானம்தான். ஆனால் அது பிழைத்துவிட்டதே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"லைலா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு அதுகிட்ட சொல்லிடறியா?"

"ஏன், உனக்கு வாய் இல்லியா? பாஸ்டிய முழுங்கிட்டு நீயே போய்ச் சொல்லு."

பெண்டாட்டியிடமே மன்னிப்புக் கேட்டறியாத மனுஷன், எல்லோர் முன்னாலும் கம்ப்யூட்டருக்கு எதிரே போய் நின்று, தொப்பியைக் கழற்றி, வாய்விட்டுக் கேட்டான். பென்ஹேல்கூடச் சிரிக்கவில்லை.