அவிநாசிபாளையத்துக்குள் குளிர வேண்டும்

என் கணவர் வாங்கிய பிக்கப் வண்டியைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் துணி ரோல் ஏற்றலாம், ஆக காரும் லாரியும் ஒன்றாகக் கிடைத்துவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். என்னைக் கேட்டால் கார் மாதிரி சொகுசும் கிடையாது, லாரி மாதிரி இடமும் கிடையாது. ஏசி இருந்தது. பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும். சத்தம் வருகிறதே, அப்புறம் என்ன என்பார்.

திருப்பூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கம்பெனி வைத்திருந்தார்கள், நாங்களும் வைத்திருந்தோம். பின்னல் துணியைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதும் அந்த வண்டியின் வேலை. என் வேலை செக்கிங். பெட்டியில் போகும் முன் ஒவ்வொரு பனியனையும் புரட்டிப் பார்த்து, தையலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும். அதைப் பிசிறு என்போம். வருடக்கணக்காகப் பிசிறு எடுத்தவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய்க் கவரைக் கொடுக்கும்போதே மாப்பிள்ளையின் காலரில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்துவிட்டேன். அந்த வீட்டார் அதற்கப்புறம் எங்களை எதற்கும் கூப்பிடவில்லை.

என் கணவருக்கு இருந்தது வேறு வியாதி. மிச்சத் துணி எதைப் பார்த்தாலும் அதில் உறை தைத்துவிடுவார். திருப்பூரில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கும் என்றாலும் இவர் எல்லை தாண்டியவர். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோனுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக் கழுத்தில் நாடா வைத்த உறை. எங்கள் வீட்டில் அம்மணமாக இருந்தது மின்விசிறி மட்டும்தான், அதுவும் சுற்றுகிற காரணத்தால். நாங்கள் எல்லோரும் இதைக் கேலி செய்வோமே தவிர, யாரும் தடுத்ததில்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் நான் முதன்முறையாக உண்டானேன். எங்கள் பக்கத்தில் அதற்குக் கட்டுச்சோறு விருந்து உண்டு. பெண்ணின் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். என் அம்மா வீடு தாராபுரம் தாண்டி ஒரு கிராமத்தில். விருந்துக்குக் குறித்த நாள் நல்ல சித்திரையில் வந்தது. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். என் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி குளுந்துச்சுன்னா போ அம்மிணி. குளுரலீன்னா பெரசவம் இங்கதான். நான் என்ன, புள்ளை பொறக்கறதப் பாக்காதவளா?"

ஏசி கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அனுப்புவதாக என் அப்பா போனில் சொன்னார். கணவருக்கு முகம் தொங்கிவிட்டது. "சொந்தமா வண்டி நிக்கறப்ப வாடகை வண்டீல போவாங்களா? நானே குளுர வெச்சுக் கூட்டியாறனுங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அதற்கு உறையையும் மாட்டினார்.

எனக்கு அம்மாவிடம் போக வேண்டும். இதில் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பயமாக இருந்தது. வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுக் கத்தலாம். மாமியார் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இந்த விஷயம் போயும் போயும் அந்த ஓட்டை ஏசியின் கையில் சிக்கிக்கொண்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கணவர் வேலையில் இறங்கினார். பல்லடம் சாலையில் ஏசி பார்க்கும் தெற்கத்திக்காரர் ஒருவரிடம் போய் கேஸ் அடைத்தார். குளிரவில்லை. மறுபடியும் போனார். "அண்ணாச்சி, கேஸெல்லாம் நிறைஞ்சுதான் கெடக்கு. இதுக்கு மேல அடைச்சா வெடிச்சிரும், பாத்துக்கிடுங்க" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார். உள்ளே இருட்டியது, குளிரவில்லை. கூரைமேல் மிச்சத் துணியை நான்கு மடிப்பாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே ஒழுகியது. கடைசியில் ஒரு பேசினில் ஐஸ் கட்டியை வைத்து என் காலடியில் தள்ளினார். முதல் வேகத்தடையில் பாதி என் மடியில் வந்து விழுந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் மாமியாரை, அதாவது என் அத்தையை, ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வர வேண்டும், அவர்தான் நீதிபதி. அத்தை வெற்றிலை போடுகிறவர். பின் சீட்டில் ஏறியதும் துப்புவதற்காகக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்துக்கொள்வார். அனல் அந்த வழியாகத் தாராளமாக உள்ளே வரும். அதை மூடச் சொல்ல என் கணவருக்குத் தைரியம் கிடையாது. கம்பெனியில் பத்துப் பேரை விரட்டுகிற மனிதர், அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டார். அத்தை கையை நீட்டி ஏசிக் காற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

"மாடு மூச்சு உடறாப்ல இருக்குது சாமி" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு.

விருந்து நாளும் வந்தது. என் வீட்டார் ஏசி இல்லாத ஒரு வேனில் வந்து இறங்கினார்கள், சாப்பாடு நடந்தது, என் கையில் வளையல் ஏறியது. நான் போகிறேனா இல்லையா என்பது மட்டும் முடிவாகவில்லை. என் அம்மா அத்தையிடம் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அத்தை புடவையை உதறி எழுந்து ஒரு வழி சொன்னார்.

"நானும் வண்டீல வாரேன். அவிநாசிபாளையத்துக்குள்ள குளுந்துச்சுன்னா நான் அங்கயே எறங்கி பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தர்றேன். குளுரலீன்னா வண்டியே திரும்பீரோணும். சொல்லிப்போட்டேன்."

அவிநாசிபாளையம் தாராபுரம் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும். என் வீட்டார் வேன் முன்னால் போனது. நாங்கள் பின்னால். நான் முன் சீட்டில், அத்தை பின் சீட்டில், கண்ணாடி வழக்கம்போல இரண்டு விரற்கடை. ஊரைத் தாண்டும்போதே எனக்கு உள்பாவாடைவரை நனைந்துவிட்டது. ஏசியிலிருந்து வந்த காற்றில் அப்பளம் காய வைக்கலாம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும் என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவிநாசிபாளையம் கடைகள் தெரிந்ததும் எனக்குக் குமட்டியது. நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வண்டியின் முன்பக்கம் போய் பானெட்டைப் பிடித்துக் குனிந்து, புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் சாலையோரத்துக்குக் கொடுத்தேன். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"போதும் சாமி. வண்டியத் திருப்பு."

குனிந்தபடியே அழுதேன். அம்மா ஏறிப்போன வேன் எங்கேயோ முன்னால் போய்விட்டிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, முன்கிரில்லின் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறு. உலகமே இடிந்து விழுந்தாலும் பிசிறு பிசிறுதான். கை தானாகப் போய்ப் பிடித்தது, இழுத்தேன்.

நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நல்ல சங்கிலித் தையல், சரியான முனை கையில் சிக்கினால் கடைசிவரைக்கும் உருவிக்கொண்டு வரும். உள்ளே எலாஸ்டிக் பட்டென்று தெறித்தது. கிரில்லுக்குப் பின்னாலிருந்து கம்பளிபோலத் தடித்த கறுப்புத் துணி ஒன்று சரிந்து, பம்பருக்குக் கீழே பொத்தென்று விழுந்தது. ஊரிலுள்ள பஞ்சுத் தூசி முழுவதும் அதில்தான் அப்பியிருந்தது. ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனித் துணி.

கணவர் இறங்கி வந்து பார்த்தார். குனிந்து அந்தத் துணியைக் கையில் எடுத்தார்.

"வண்டி வாங்குனப்ப நாந்தான் தெச்சு மாட்டுனேன்" என்றார் மெதுவாக. "ரேடியேட்டருக்குள்ள பஞ்சு போகக் கூடாதுன்னு."

"பஞ்சு போகலீங்க. காத்தும் போகலீங்க" என்றேன். ஏசியின் சூடு வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். ஏசிக்காரர் அதை வண்டியோடு வந்த பாகம் என்று நினைத்திருப்பார். சிலிண்டருக்குப் போட்டவர், டெலிபோனுக்குப் போட்டவர், வண்டியின் மூக்கை மட்டும் விட்டுவைப்பாரா என்று மூன்று வருடம் கூட இருந்த எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

"கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டுத் திருப்பறனுங்கம்மா" என்று அத்தையிடம் கெஞ்சிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். கடைசிக் கடையைத் தாண்டவில்லை, என் முழங்கையில் மயிர் சிலிர்த்தது. கழுத்து வியர்வை சில்லென்று ஆனது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டது. அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றினார். கடைசிவரைக்கும் ஏற்றினார். வண்டிக்குள் சாலைச் சத்தம் நின்றது.

"அத்தை, நீங்க இங்க எறங்கோணும்னு சொன்னீங்களே" என்றேன்.

"பேசாம வா" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு என் தோளில் அவர் கை வந்து விழுந்தது. "குளுரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன் கண்ணு. நீ போயிட்டா அந்த ஊட்ல நான் ஆருகூடச் சண்டை போடறது?"

மூன்று வருடமாக இந்த அம்மாளுக்கு என்னைக் கண்டால் ஆகாது என்று என் அம்மாவிடம் வாராவாரம் போனில் புலம்பியிருக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உடம்பு குலுங்கியது. அதைப் பார்த்த என் கணவர், எனக்குக் குளிரெடுத்து நடுங்குகிறது என்று நினைத்து ஏசியைக் குறைக்கக் கையை நீட்டினார்.

"கொறைக்காத சாமி" என்று அத்தையும், "கொறைக்காதீங்க" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.