மூளையில் புது செல் முளைக்குமென்று மைசூருக்கு ஒரு பஸ் பயணம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகாலிலிருந்து மைசூர் போனேன். அம்மாவுக்கு அல்சைமர். மைசூரில் ஒரு மருத்துவமனையில் பெப்டைடு ஊசியைச் சோதிக்கிறார்கள், அந்தப் புரதத் துணுக்கு வயதான மூளையிலும் புது செல்களை முளைக்கவைக்கலாம் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆரம்ப நிலையில் இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு ஞாபகத் தேர்வு உண்டு.

காலை ஆறு மணி பஸ். அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். டி.நரசிபுராவில் ஆற்றைக் கண்டதும் அம்மா கும்பிட்டார். "கும்பிட மறக்கல பாத்தீங்களா!" என்று முன்பின் தெரியாத பக்கத்து சீட்காரரிடம் பெருமையடித்தேன்.

கர்நாடகத்தில் எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம். ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று படியேறிவிட்டால் வாயில் கன்னடம்தான் வரும். எந்த மொழியில் கேட்கட்டும் என்றார் டாக்டரம்மா. "கன்னடவே மேடம்" என்றேன், யோசிக்கவே இல்லை.

"இவத்து யாவ வாரா?" என்று அவர் கிழமையைக் கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தார். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் சுவர்தான். நோய் முற்றிவிட்டது, சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலுக்கு வந்ததும் அம்மா என் கையை இழுத்தார். "ஏங் கண்ணு, இன்னைக்கு வியாழக்கெழம, நம்மூர்ச் சந்தை. நீ இங்க நின்னா தக்காளிய ஆரு கொண்டு போவா?"

ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட கன்னடம்தான் அம்மாவை விட்டு முதலில் போயிருக்கிறது! விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டு, ரயில்வே காலனித் தமிழ் நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க, சொல்லுங்க?"

"மைசூருதான். தெரியாமயா பஸ் ஏறி வந்தேன்?"

மயிரிழையில் தேறிவிட்டார். ஊசி பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சிலருக்கு வெறும் உப்புநீர்தான் போடுவோம், யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது என்றார் டாக்டரம்மா. பரவாயில்லை, இடம் கிடைத்துவிட்டதே! திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அம்மாவிடம் சத்தமாகத் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்குப் போட்டது மருந்தா, உப்புநீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சோதனைக்கு யாரையாவது கூட்டிப் போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அவர் உங்களை எந்த மொழியில் திட்டுவார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.