மாதிரி விடை

ஞாயிறுதோறும் சிங்கப்பூரின் புக்கிட் மேரா நூலகத்தில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்து படிப்பார். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தாடையில் தலைக்கவசப் பட்டையின் வெளிறிய தடம். இந்திய ஆட்சிப்பணித் தேர்வின் அறநெறித் தாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கேள்விக்குக் கீழுள்ள மாதிரி விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் யோசிப்பார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார். "சார், தொழிலாளிக்கு அடிபட்டதை மறைக்கணும்னு மேலதிகாரி சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"ரிப்போர்ட் பண்ணிட வேண்டியதுதான் லா."

"நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா போன வாரம் சைட்ல, ஒண்ணும் நடக்கலைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன் சார். யார்கிட்டயும் சொல்லலை."

நான் கையிலிருந்த செய்தித்தாளில் குனிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு அவர் தூரத்து மேசையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் போகவில்லை.