திரும்பாத நான்காம் மூலை

மாமா சவூதியிலிருந்து வீடியோ காலில் மட்டும் வந்துபோன அந்த வருஷம், அத்தை எம்.ரெட்டியபட்டியில் எங்களோடுதான் இருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். அங்கே கன்னியர் மடத்தில் லேஸ் பின்னப் பழகியவள். உருட்டுத் தலையணையில் புள்ளி குத்திய காகிதத்தை விரித்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவாள். வெயிலில் தெரு அடங்கிக் கிடக்கும்போது அந்தக் கட்டைகள் மோதும் சத்தம் மட்டும் கேட்கும்.

அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் போர்த்த ஒரு வெள்ளைத் துண்டு. அதன் நாலு ஓரத்திலும் வைத்துத் தைக்கத்தான் அந்த லேஸ். ஓரம் நேராக ஓடும்வரை என்னோடு பேசிக்கொண்டே பின்னுவாள். மூலை வந்தால் பேச்சு நின்றுவிடும். உள்பக்கக் கட்டைகளை நிறுத்திவைத்து, வெளிப்பக்கக் கட்டைகளை மட்டும் சுற்றி வரவிட்டு, மெல்லத் தலையணையைத் திருப்புவாள். லேஸ் சுருங்காமல் வளைந்து அடுத்த பக்கம் போகும். மூன்று மூலைகள் அப்படித் திரும்பியதை நான் பார்த்திருந்தேன்.

நான்காவது மூலைக்கு வந்த அன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலிலேயே கட்டைச் சத்தம் வேகவேகமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். புள்ளிகள் முடிந்து, காகிதமும் முடிந்திருந்தது. அத்தை வெறும் தலையணையில் ஊசி நட்டு, லேஸை நேராகவே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பின்னியது தரையில் இறங்கிக் கிடந்தது.

"அத்தே, மூலை தாண்டிப் போச்சு."

அவள் நிமிரவில்லை. "திருப்பினா முடிஞ்சு போகும்லா" என்றாள்.

பிறகு என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். எப்போதும் உள்ளிருந்து முட்டுவது அன்று முட்டவில்லை. பாப்பா தூங்குதா என்று கேட்டேன். அவள் விரல்கள் மறுபடி கட்டைகளுக்குப் போயின. ஏனோ எனக்கு அங்கே நிற்கப் பயமாக இருந்தது.

பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அத்தைக்கு மூலை திருப்ப மறந்துவிட்டது, பாப்பாவும் எழுந்திருக்கவில்லை என்றேன். அம்மா ஈரத்துணியை மண்ணில் போட்டுவிட்டு ஓடினாள். ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அத்தையும் தங்கியிருக்க மாட்டாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது உத்தரவு. அம்மாவிடம் கேட்டேன்.

"பாப்பாவ ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கிட்டாக" என்றாள்.

அதன்பிறகு டவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக்கு அடம்பிடிப்பேன். ஆஸ்பத்திரி வந்ததும் மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இந்நேரம் பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருக்கும் என்று நினைத்து, ஒருமுறை கையும் ஆட்டினேன்.